மழைத் தாளின் ஏழாவது வரி

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்த வேலை எனக்குக் கிடைத்ததே அதனால்தான். தமிழிலேயே எழுதுங்கள், ஆள் வைத்து மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்று சொன்னீர்கள். மெத்த நல்லது. மொழிபெயர்க்கப் போகிறவர் என் எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிராது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் வந்த பழக்கம்.

என் பெயர் தில்லையம்பலம். வயது நாற்பத்தொன்பது. இலங்கையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். சனங்கள் சுருக்கமாக ரீ.ஓ. என்பார்கள். மன்னார்ப் பக்கத்தில் ஒரு பெரிய குளம் என் பொறுப்பில் இருந்தது. குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற கதவுக்குத் துருசு என்று பெயர். அதை எப்போது திறப்பது, எத்தனை சுற்றுத் திறப்பது என்பதெல்லாம் என் தீர்மானம். தொண்ணூறாம் ஆண்டு லண்டனுக்கு வந்தேன். ஐந்து வருடம் பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்துவிட்டு, தொண்ணூற்றைந்து சித்திரையில் மோர்டனுக்குப் பக்கத்தில், வாண்டில் ஆற்றங்கரையில் அடுக்குமாடி வீடுகள் கட்டுகிற சைற்றில் வேலைக்குச் சேர்ந்தேன்.

சேர்ந்தது மண் அள்ளத்தான். இரண்டாம் கிழமையே, வேலையாட்களை மேற்பார்க்கிற போமன் டெக்லன் என் கையெழுத்தைக் கண்டுவிட்டார். அயர்லாந்துக்காரர், பொல்லாத மனிதரில்லை. அவருக்கு அப்போது ஒரு தலையிடி இருந்தது. முந்திய மாரியில் சைற்றின் சேற்றுத் தண்ணீர் ஆற்றுக்குள் போய், ஆறு தேத்தண்ணி நிறமாகி, மீன்கள் மிதந்திருக்கின்றன. ஆற்றைப் பார்க்கிற அரசாங்க அலுவலகம் எச்சரித்திருந்தது. இனிமேல் வாரத்துக்கு ஒரு தடவையும், மழை பெய்த ஒவ்வொரு நாளும், ஒருவர் சைற்றைச் சுற்றிப் பார்த்து ஒரு தாளை நிரப்ப வேண்டும். இன்னொரு தடவை சேறு போனால் சைற்றை இழுத்து மூடிவிடுவார்கள். மழை கடவுளுடையதாக இருக்கலாம். சைற்றுக்குள் விழுந்தபிறகு அதற்குக் கொம்பனிதான் பொறுப்பு. அந்தத் தாளை நாங்கள் மழைத் தாள் என்போம். டெக்லன் அதை என்னிடம் தந்துவிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

தாளில் ஏழு வரிகள். வாசலில் லொறிச் சில்லு கழுவப்படுகிறதா, சேற்றை வடிகட்டுகிற வைக்கோல் கட்டுகள் சரியாக இருக்கின்றனவா, சேற்றுத் தண்ணீர் தேங்கித் தெளிகிற குழி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, ஆற்றுக்குள் போகிற தண்ணீர் என்ன நிறம் என்று இப்படிப் போகும். ஏழாவது வரி நிலத்தடித் தொட்டி பற்றியது. குழி தாங்காத பெருமழைக்காக, ஆள் குனிந்து நடக்கக்கூடிய கொங்கிறீற் குழாய்களை வரிசையாகப் புதைத்து ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். குழிக்கும் தொட்டிக்கும் நடுவே ஓர் இரும்புக் கதவு. சக்கரத்தைத் திருப்பினால் திறக்கும். சாட்சாத் துருசுதான். தொட்டிக்குள் சேறு இல்லை, ஆள் இல்லை என்று ஏழாவது வரியில் உறுதி சொல்ல வேண்டும்.

நான் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘சீன்’, அதாவது ‘பார்த்தேன்’, என்று ஆங்கிலத்தில் எழுதி ஒப்பம் வைப்பேன். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் நாட்டுக் கந்தோரில் மேலதிகாரி ஒரு கடிதத்தின் மூலையில் ‘சீன்’ என்று எழுதினால், கடிதம் தன் மேசைக்கு வந்தது என்று அர்த்தம். பாலம் இடிந்துவிட்டது என்று கடிதம் சொன்னால், அவர் பாலத்தைப் போய்ப் பார்த்தார் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். வெள்ளைக்காரர் அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிடுகிறார்கள். பார்த்தேன் என்றால் பார்த்தேன்தான். சித்திரை முதல் கார்த்திகை வரை எழுபத்தாறு தாள் எழுதினேன். பெரும்பாலானவற்றைக் கொட்டகைக்குள் ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்தே எழுதினேன். ஒரு குறையும் வரவில்லை. தாள்கள் வடிவாக இருக்கின்றன என்று டெக்லன் எல்லாருக்கும் காட்டுவார்.

எட்வேட் ஆவணியில் வந்தான். மன்னார்ப் பொடியன், இருபத்தெட்டு வயது. அவனுடைய தகப்பன் என் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர். சைற் வாசலில் என்னைக் கண்டதும் வாயில் இருந்த சிகரெட்டை எறிந்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“ரீ.ஓ. ஐயா, நீங்களோ இஞ்ச?”

லண்டனில் என்னை அப்படிக் கூப்பிட ஒருவன் இருக்கிறான் என்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் அவனுடைய அகதி வழக்கை நிராகரித்துவிட்டார்கள். கையில் கடுதாசி ஒன்றும் இல்லை. ரெய்னர்ஸ் லேனில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்தான். டெக்லனிடம் நான்தான் பேசினேன். பட்டியலில் பெயர் போடாமல் அவ்வப்போது வந்து செய்யட்டும் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். எட்வேட்டுடைய மனைவி மெற்றில்டாவும் ஒரு கைக்குழந்தையும் மடுவில் அகதி முகாமில் இருந்தார்கள். அவன் நல்ல வேலைகாரன். வேலை முடிந்ததும் என்னிடம் வந்து “வாறன் ஐயா” என்று சொல்லாமல் ஒருநாளும் போனதில்லை. மொழிபெயர்ப்பவர் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் விடைபெறும்போது ‘போறன்’ என்று சொல்லமாட்டார்கள், அது அபசகுனம். ‘வாறன்’ என்றுதான் சொல்வார்கள். ஒருவன் வருகிறான் என்றாலும் அதுதான், போகிறான் என்றாலும் அதுதான்.

இனி என் விஷயம். இந்த நாட்டில் தொண்ணூற்றொன்று ஐப்பசியில் எனக்குக் கிடைத்தது முழு அகதி அந்தஸ்து அல்ல. தற்காலிகமாக இருந்துகொள் என்கிற அனுமதி. நாலு வருடம் முடிந்தபிறகுதான் குடும்பத்தைக் கூப்பிடலாம். அந்த நாலு வருடம் தொண்ணூற்றைந்து ஐப்பசியில் முடிந்தது. என் மனைவி தவநாயகியும் மகள் கல்யாணியும் கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். விசா நேர்முகம் டிசம்பர் நாலாம் திகதி. டிசம்பர் ஒன்பதாம் திகதி கல்யாணிக்குப் பதினெட்டு வயது. பதினெட்டு முடிந்தால் அவள் பிள்ளை இல்லை, தனி ஆள். தாய்க்கு விசா கிடைக்கும், மகளுக்குக் கிடைக்காது. அந்த ஐந்து நாள் இடைவெளியில்தான் என் உயிர் இருந்தது. எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று கொம்பனி ஒரு கடிதம் தர வேண்டும். வியாழக்கிழமை ஆற்று அலுவலகத்தின் பரிசோதனை. அது சரியாக முடிந்தால் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று கொம்பனி முகாமையாளர் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் சைற்றே இல்லை, பிறகு ஏது கடிதம்?

புதன்கிழமை பின்னேரம் மோர்டன் ஸ்டேஷனுக்கு முன்னால் இருந்த ரெலிபோன் பெட்டியிலிருந்து கொழும்புக்கு எடுத்தேன். தவநாயகி அழுதுகொண்டுதான் பேசினாள்.

“இஞ்சருங்கோ, நேற்றும் பொலிஸ் வந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நாலு மணித்தியாலம் வைச்சிருந்தவங்கள். வந்ததிலயிருந்து ஒரு வாய் சாப்பிடேல்லை, சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறாள். எனக்கு இனி ஏலாது.”

“என்னவும் கேட்டவங்களோ?”

“கேட்டது என்னெண்டு அவள் சொல்லுறாள் இல்லை. கடிதம் எப்ப வரும், அதைச் சொல்லுங்கோ.”

“வெள்ளிக்கிழமை. நான் சொல்லுறன், வெள்ளிக்கிழமை.”

ரெலிபோன் கார்ட் முடிந்துவிட்டது. நான் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றேன். வெளியே ஒரு கிழவி கண்ணாடியில் தட்டும்வரை நின்றேன். நான் பயந்தேன். ஷெல்லடிக்குப் பயந்ததைவிடக் கூடப் பயந்தேன். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு நாலு மணித்தியாலம் வந்தால் என்ன செய்வது? தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். அதைச் சொன்னவன் அந்த நிலைமையில் நின்றுதான் சொல்லியிருப்பான்.

மறுநாள், நவம்பர் பதினாறு, வியாழன். பரிசோதனை மூன்று மணிக்கு. காலையில் டெக்லன் தொட்டியை ரோச் லைற் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். உள்ளே முழங்காலளவு சேறு. மாதக் கணக்காக ஏழாவது வரியில் நான் ‘சீன்’ எழுதிக்கொண்டிருந்தபோது சேறு தன்பாட்டுக்குச் சேர்ந்திருக்கிறது. மூன்று மணிக்கு முன்னர் அதை எடுத்தாக வேண்டும் என்றார். நிலத்தடிக்கு ஆள் இறங்குவதென்றால் தனி அனுமதிப் பத்திரம் வேண்டும், இடுப்பில் கயிறு வேண்டும், மேலே ஒரு காவலாள் வேண்டும். பத்திரம் எடுக்க இரண்டு நாளாகும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை.

மதியம் ஒரு மணிக்கு எட்வேட்டைத் தொட்டி வாய்க்குக் கூட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு அடி ஆழம். அலுமினிய ஏணியை இறக்கினேன். அவன் எட்டிப் பார்த்தான்.

“ஐயா, மழை இருட்டுது.”

“பின்னேரம்தான் பெய்யுமெண்டு ரேடியோ சொன்னது. அதுக்கு முன்னம் முடிஞ்சிடும்.”

“நீங்கள் மேல நிக்கிறியள்தானே?”

“நிக்கிறன், இறங்கு.”

“நீங்கள் நிண்டால் எனக்கென்ன பயம்,” என்று சிரித்துவிட்டு இறங்கினான்.

வாளி வாளியாகச் சேறு மேலே வந்தது. நான் இழுத்துக் கொட்டினேன். நாற்பத்தொன்பது வயதில் வாளி இழுத்திருக்கிறேன் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒன்றே முக்கால் மணிக்கு முக்கால்வாசி முடிந்தது. மிச்சம் தூரத்து முனையில், நூற்றிருபது அடி உள்ளே. அவன் அங்கே குனிந்தபடி போனான்.

ரேடியோ பொய் சொல்லிவிட்டது. இரண்டு பத்துக்கு மழை பிடித்தது. லண்டன் தூறல் அல்ல. எங்கள் மாரிமழை போலக் கொட்டியது. சைற் முழுவதும் சரிவாக ஆற்றைப் பார்த்தபடி கிடக்கிறது. எல்லாச் சேறும் குழிக்கு ஓடி வந்தது. இரண்டரைக்கு வரம்புக்கு ஒரு சாண் மிச்சம். இரண்டு முப்பத்தைந்துக்கு நாலு விரல். குளம் நிரம்பி வழிந்து வான் பாயப் போகிறது என்பதைக் கண்ணால் அளக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நேரம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஆற்று அலுவலகத்துப் பெண் சொன்ன நேரத்துக்கு முன்னரே வந்துவிட்டாள். டெக்லன் குடையோடு ஓடினார். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பூட்ஸ் மாற்றினாள். அவள் நடந்து வர ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழி வழிய மூன்று நிமிடம்.

தொட்டிக் கதவைத் திறந்தால் குழி இறங்கும். அது ஒன்றுதான் வழி. எங்கள் குளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. துருசு திறக்கும் முன்னர், வாய்க்காலில் குளிக்கிறவர்களும் மாடு கழுவுகிறவர்களும் கரையேறுவதற்காக உரத்துக் கூப்பிடுவோம். அந்த வழக்கத்தை நான் லண்டனிலும் கைவிடவில்லை. தொட்டி வாயில் நின்று கூப்பிட்டேன்.

“எட்வேட்! துருசு துறக்கப்போறன்!”

உள்ளிருந்து குரல் வந்தது.

“வாறன் ஐயா!”

அவன் ஒவ்வொரு நாளும் விடைபெறும்போது சொல்கிற அதே சொல். வேலை முடித்துப் போய்விட்டான் என்று நான் எடுத்துக்கொண்டேன். குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மழைச் சத்தத்தில் திசை தெரியாது. முப்பது அடி நடந்து சக்கரத்துக்குப் போனேன். பதினொரு சுற்றுத் திருப்பினேன். குழி ஒரு முழம் இறங்கியது. வரம்பு தப்பியது. தொட்டி வாயை மூடி, பக்கத்தில் இருந்த பம்பையும் இயக்கிவிட்டேன்.

அந்தப் பெண் நல்ல குணமானவள். ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தாள். ஆறு கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மழைத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இப்படி ஒழுங்காக எழுதிய சைற்றைத் தான் இதுவரை பார்க்கவில்லை என்றாள். எதற்குப் பம்ப் ஓடுகிறது என்று கேட்டாள். மழை நேரம், ஒரு முன்னெச்சரிக்கைக்கு என்றேன். அது சத்தமான பம்ப். அவள் போகும்வரைக்கும், போய் ஒரு மணித்தியாலம் வரைக்கும் அதை நான் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை கடிதம் கிடைத்தது. அன்றே கொழும்புக்குப் பக்ஸ் செய்தேன். திங்கட்கிழமை தொட்டியை வற்றவைத்தபோது எட்வேட்டை எடுத்தார்கள். பட்டியலில் இல்லாத ஆள். களவாக உள்ளே நுழைந்து மழைக்கு ஒதுங்கியவன் என்று டெக்லன் சொன்னார். எனக்குத் தெரியாத ஆள் என்று நான் சொன்னேன். ஆறு மாதம் அவன் பெயரில்லாமல் கிடந்தான். அறையில் இருந்தவர்கள் அவன் பாரிசுக்குப் போய்விட்டான் என்று நினைத்தார்கள். எங்கள் பொடியள் அப்படிச் சொல்லாமல் போவது வழக்கம்தான். போன மாதம் ஒரு தமிழ்க் கடையில் பொலிசார் நீங்கள் ஒட்டிய அவனுடைய படத்தை அவர்களில் ஒருவன் கண்டு, இவன் ரீ.ஓ. ஐயாவோடு வேலை செய்தவன் என்று சொல்லியிருக்கிறான்.

தவநாயகியும் கல்யாணியும் மாசியில் வந்து சேர்ந்தார்கள். கல்யாணி கொலிஜுக்குப் போகிறாள். இரண்டு மாதமாகத்தான் சிரிக்கிறாள். அவர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. நான் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: அந்தக் கடிதத்தையும் இதையும் ஒன்றாகச் சேர்த்துக் குரோய்டனுக்கு அனுப்பாதீர்கள். என்னை என்னவும் செய்யுங்கள். அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள். மெற்றில்டாவுக்கு இன்னும் ஒருவரும் அறிவிக்கவில்லை. அவளுடைய முகாம் விலாசம் என்னிடம் ஆறு மாதமாக இருக்கிறது. பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

என் சட்டத்தரணி கெட்டிக்காரர். பழைய தாள்களைப் பார்த்துவிட்டு, ‘நீங்கள் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற பழக்கமுள்ளவர், அன்றும் பார்க்காமலே போட்டீர்கள், அவ்வளவுதான், கவனக்குறைவு’ என்று சொல்லச் சொல்கிறார். அப்படிச் சொன்னால் சிறு தண்டனையோடு போய்விடுமாம். வாறன் என்ற சொல்லையும் அவருக்கு விளக்கினேன். அது இன்னும் நல்லது என்றார். மூன்று நாளாக யோசித்தேன். இருபத்திரண்டு வருடம் துருசு திறந்தவன் கவனக்குறைவால் ஆளைக் கொன்றான் என்று எழுதிவைக்க எனக்கு மனம் வரவில்லை. என் தொழிலுக்கு அது இழுக்கு.

நீங்கள் மூன்று தரம் கேட்டும் நான் பதில் சொல்லாத கேள்வி ஒன்று இருக்கிறது. ஏணியில்லாமல் அவன் எப்படி இறங்கினான், ஏணி எப்படிக் கொட்டகைக்குள் வந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். சக்கரத்தைத் திருப்பிவிட்டு, ஏழாவது வரியை நிரப்புவதற்காகத் தொட்டி வாய்க்குத் திரும்பிப் போனேன். அன்று மட்டும் நான் குனிந்து பார்த்தேன். எட்வேட் ஏணியடிக்கு வந்துவிட்டான். தண்ணீர் நெஞ்சளவில் நின்றது. என் முகத்தைக் கண்டதும் அவனுடைய பயம் போய்விட்டது. அது போனதை நான் வடிவாகக் கண்டேன். “ஐயா, கையைத் தாங்கோ” என்றான். கொட்டகைப் பக்கத்தில் அந்தப் பெண் டெக்லனோடு பேசிக்கொண்டு வருவது கேட்டது. ஏணி நின்றால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். நான் ஏணியின் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். கீழ்ப்படியில் அவனுடைய இரண்டு கைகளும் இருந்தன. இரண்டு தரம் உதறினேன். மூன்றாம் தரம் ஏணி பாரமில்லாமல் மேலே வந்தது.